பேஸ்மேக்கர் வச்சாச்சு, அப்புறம் என்ன? செட்டிங் சரி பண்றதுல இருந்து தினசரி வாழ்க்கை வரைக்கும் முழு வழிகாட்டி

பேஸ்மேக்கர்னா இதயத் துடிப்பு குறையும்போது தூண்டி விடற சின்ன மின் பெட்டி, எனக்கு அதை வச்ச மூணாவது மாசம், மருதமலை படிக்கட்டுல பாதி ஏறுனதுக்கு அப்புறம் அப்படியே உக்காந்துட்டேன். மூச்சு வாங்கி உக்காரல, அது வேற. நல்லாத்தான் ஏறிட்டு இருந்தேன், கையில இருந்த வாட்ச் துடிப்பு 110, 115, 118னு காட்டிட்டே வந்துச்சு, அடுத்த நாலு படியில கால்ல இருந்த பலத்தை யாரோ உருவிட்ட மாதிரி ஆயிருச்சு, கண்ணு லேசா இருட்டுது, வாட்ச்சைப் பாத்தா 62. வாட்ச் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு கழுத்துல விரல் வச்சு எண்ணுனேன், அதே 62 தான். பத்து நிமிஷம் உக்காந்ததும் சரியாயிருச்சு. திரும்ப ஏறுனா திரும்ப அதே இடம், அதே கதை.

ஆஸ்பத்திரில போய் சொன்னா படுக்க வச்சு செக் பண்ணிட்டு "எல்லாம் நார்மல் சார்"னு அனுப்பிட்டாங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. அவங்க பொய் சொல்லல, படுத்திருக்கும்போது எல்லாமே நார்மல்தான். என் பிரச்சனை படி ஏறும்போதுதானே வருது, படுத்திருக்கும்போது எப்படித் தெரியும்? அந்த ரெண்டு தடவைக்கு அப்புறம் நான் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை முழுக்க. நான் டாக்டர் இல்ல, எனக்கு 47 வயசு, கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்னு சொல்லி டூயல் சேம்பர் (மேல் அறை, கீழ் அறை ரெண்டையும் பாத்துக்கற) பேஸ்மேக்கர் வச்சிருக்காங்க. இதைப் படிச்சுட்டு செட்டிங்கை நீங்களா மாத்தவும் முடியாது, அதுக்கு புரோகிராமர்னு தனி மிஷின் வேணும். ஆனா அந்த மிஷின் முன்னாடி உக்காந்திருக்கறவர்கிட்ட என்ன சொல்லணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல, உங்களுக்கு எதுக்கு வச்சாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

பாதிப் பேருக்கு இது தெரியாது, "துடிப்பு கம்மியா இருந்துச்சு, வச்சுட்டாங்க"ன்னு மட்டும் சொல்வாங்க. துடிப்பு கம்மியாகறதுக்கு முக்கியமா ரெண்டு காரணம். இதயத்தோட மேல் அறையில சைனஸ் நோட்னு ஒரு இடம் இருக்கு, அங்கதான் கரண்ட் உற்பத்தி ஆகுது. அது சோம்பேறி ஆயிட்டா சிக் சைனஸ். உற்பத்தி நல்லா இருக்கு, ஆனா கீழ் அறைக்குப் போற வழியில லைன் கட் ஆயிருச்சுன்னா ஹார்ட் பிளாக். முதல் ஆளுக்கு பவர் ஸ்டேஷன்ல கோளாறு, ரெண்டாவது ஆளுக்கு லைன்ல கோளாறு, அவ்ளோதான்.

ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டியைத்தான் வைப்பாங்க, ஆனா தேவைப்படற செட்டிங் வேற வேற. பிளாக் இருக்கறவங்களுக்கு மேல் அறை உடம்புக்குத் தேவையான வேகத்தை தானே சொல்லிடும், பெட்டி அதைக் கேட்டு கீழ் அறைக்குக் கடத்துனாப் போதும். சிக் சைனஸ் ஆளுக்கு வேகத்தைச் சொல்ல ஆளே இல்ல, அதனால பெட்டியே "இவர் நடக்கறார், ஏத்தணும்"னு கண்டுபிடிக்கணும்.

பேஸ்மேக்கர் வச்சதும் குடுக்கற அடையாளக் கார்டுலயோ ரிப்போர்ட்லயோ டிடிடி, டிடிடிஆர், விவிஐஆர்னு எழுத்து இருக்கும். முதல் எழுத்து எந்த அறையைத் தூண்டுது, ரெண்டாவது எந்த அறையைக் கவனிக்குது, மூணாவது கவனிச்சதும் என்ன பண்ணுது. டி ன்னா ரெண்டு அறையும், வி ன்னா கீழ் அறை மட்டும். கடைசியா வர்ற ஆர், அசைவைப் பாத்து வேகத்தை ஏத்தற சென்சார் ஆன்ல இருக்குன்னு அர்த்தம்.

முதல் ஆறு வாரம்

இதுல பெருசா தத்துவம் இல்ல. உள்ள விட்டிருக்கற ஒயர் இதயத்துச் சுவத்துல பிடிச்சு உக்காரணும், அதுவரைக்கும் அந்தப் பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க, நாலஞ்சு கிலோவுக்கு மேல கனம் வேண்டாம். கொடியில துணி காயப்போடறது, பரண்ல இருந்து பாத்திரம் எடுக்கறது, கிணத்துல தண்ணி இறைக்கறது எல்லாம் வேற யாராவது பாத்துக்கட்டும். தலை வழியா மாட்டற பனியன் போடாம முன்னாடி பட்டன் வச்ச சட்டை போடுங்க, பெண்களுக்கு முன்னாடி ஜிப் வச்ச நைட்டி வசதி. காயம் நனையாம எத்தனை நாள்னு டிஸ்சார்ஜ் பண்ணும்போதே கேட்டுக்கோங்க.

ஆனா பயந்துட்டு கையைத் தொட்டில் கட்டியே மாசக்கணக்கா வச்சிருக்காதீங்க, தோள் இறுகிப்போயிரும், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேஸ்மேக்கரை விட அந்தத் தோள் வலிக்குத்தான் அதிக நாள் ஆஸ்பத்திரி போனாரு. தோள் மட்டத்துக்குக் கீழ கை நல்லா அசையலாம், சாப்பிடலாம், தலை சீவலாம்.

காயம் சிவந்து வீங்குனா, சீழ் வந்தா, காரணமில்லாம காய்ச்சல் விட்டு விட்டு வந்தா, பக்கத்துத் தெரு கிளினிக்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டு நாள் கடத்த வேண்டாம், வச்ச ஆஸ்பத்திரிக்கே நேரா போங்க. அந்த வீக்கத்துல ஊசி குத்தி சீழ் எடுக்க யாரையும் விடாதீங்க, கிருமி உள்ள போக அதுவே வழி ஆயிரும். வயிறோ நெஞ்சோ விக்கல் மாதிரி துடிச்சுக்கிட்டே இருந்தா அதையும் சொல்லணும், ஒயர் நகர்ந்திருக்கலாம் இல்ல வோல்ட் அதிகமா இருந்து பக்கத்துல இருக்கற உதரவிதானத்தைத் தூண்டிட்டு இருக்கலாம். மயக்கம் வந்தா யோசிக்கவே வேண்டாம், உடனே போங்க.

ஒரு நோட்டு போடுங்க

இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணு செய்வீங்கன்னா இதைச் செய்யுங்க. "ஒரு மாதிரி இருக்கு, டயர்டா இருக்கு"ன்னு சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. தேதி, மணி, என்ன பண்ணிட்டு இருந்தீங்க, துடிப்பு எவ்ளோ, எத்தனை நிமிஷத்துல சரியாச்சு, இந்த அஞ்சு விஷயம் போதும். மணி முக்கியம், ஏன்னா பெட்டிக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு, சில நிகழ்வுகளை அது தேதி நேரத்தோட சேத்து வச்சுக்கும், உங்க நோட்டையும் அதையும் பொருத்திப் பாக்கலாம்.

துடிப்பை விரலால எண்ணப் பழகுங்க, முழுசா ஒரு நிமிஷம். வீட்ல இருக்கற பிபி மிஷினை மட்டும் நம்புனா வீண் பயம் வரும். குறைஞ்சபட்சம் 60னு செட் பண்ணிருக்கும்போது பிபி மிஷின் 38னு காட்டும், உடனே பேட்டரி தீந்துபோச்சுன்னு வீடே அலறும். பல நேரம் நடக்கறது என்னன்னா, நடுநடுவுல எக்ஸ்ட்ரா துடிப்பு ஒண்ணு முந்திக்கிட்டு வரும், அதுல ரத்தம் சரியா தள்ளப்படாததால கையில நாடி தெரியாது, மிஷின் அதை எண்ணாம விட்டுரும். ஈசிஜி எடுத்தா தெளிவாயிரும். மயக்கம், தலைசுத்தல் இருந்தா மட்டும் காத்திருக்காம கிளம்பிருங்க.

செக்கப்ல என்ன நடக்குது

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஒரு செக், அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள ஒண்ணு, அதுக்கப்புறம் ஆறு மாசமோ வருஷமோ ஒரு தடவை. நம்ம ஊர்ல பல ஆஸ்பத்திரில பேஸ்மேக்கர் கம்பெனி ஆளுதான் மிஷினோட வந்து செக் பண்றாரு, டாக்டர் பக்கத்துல இருந்து முடிவு சொல்வாரு. ஒரு கம்பெனி மிஷின் இன்னொரு கம்பெனி பெட்டியைப் படிக்காது, அதனால கார்டு எப்பவும் பர்ஸ்லயே இருக்கட்டும், போன்ல போட்டோவும் எடுத்து வைங்க. வெளியூர்ல அவசரம்னா முதல் கேள்வியே "எந்தக் கம்பெனி"தான்.

படுக்க வச்சு ஒயர் மாட்டுன ஒரு தட்டைப் பெட்டி மேல வைப்பாங்க, புது மாடல்னா அதுவும் இல்லாம ரேடியோ அலையிலயே படிச்சுரும். நடுவுல கொஞ்ச நேரம் துடிப்பை ஏத்தி இறக்குவாங்க, நெஞ்சு படபடன்னு அடிச்சு திடீர்னு அடங்கும். எவ்ளோ குறைஞ்ச வோல்ட்ல இதயம் பதில் சொல்லுதுன்னு பாக்கற டெஸ்ட் அது, திரெஷோல்டுன்னு சொல்வாங்க. தலை சுத்துனா உடனே வாயைத் திறந்து சொல்லுங்க, தாங்கிக்கிட்டு படுத்திருந்தா யாரும் மெடல் தரப்போறதில்ல.

முடிஞ்சதும் பிரிண்ட் கேளுங்க. கேட்டாத் தருவாங்க, கேக்கலைன்னா பைல்ல போயிரும். அதுல பாக்க வேண்டியது: மோட் (அந்த டிடிடி மாதிரி எழுத்து), லோயர் ரேட் (குறைஞ்சபட்ச துடிப்பு), அப்பர் டிராக்கிங் ரேட் (மேல் அறையைப் பின்தொடர்ந்து தூண்டற உச்ச வேகம்), ஏவி டிலே (மேல் அறை துடிச்சதுக்கும் கீழ் அறையைத் தூண்டறதுக்கும் நடுவுல இருக்கற நேரம்), மேல் அறை கீழ் அறை ரெண்டும் எத்தனை சதவீதம் தூண்டப்படுது, திரெஷோல்டு, ஒயரோட இம்பிடன்ஸ் (மின் தடை), பேட்டரி மீதி. இம்பிடன்ஸ் பொதுவா சில நூறு ஓம்ல இருந்து ஆயிரம் வரைக்கும் இருக்கும், எண்ணை விட அது போன தடவையில இருந்து திடீர்னு ஏறுச்சா இறங்குச்சாங்கறதுதான் முக்கியம், ஒயர் உடைஞ்சாலோ உறை தேஞ்சாலோ அதுலதான் தெரியும். அதனால பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க.

திரெஷோல்டு 0.75 வோல்ட்னு இருக்கும், ஆனா பெட்டி 3.5 வோல்ட் குடுத்துட்டு இருக்கும். ஏன் வீணாக்கறாங்கன்னு தோணும். முதல் சில வாரத்துல ஒயர் நுனி உக்காந்த இடத்துல வீக்கம் வந்து திரெஷோல்டு ஏறும், அந்தக் காலத்துக்கு இந்தப் பாதுகாப்பு வேணும். மூணு மாசம் கழிச்சு அதைக் குறைச்சு திரெஷோல்டுக்கு ரெண்டு மடங்கு அளவுக்கு வைப்பாங்க, பல மாடல் தானாவே பண்ணிக்கும். மூணு மாச செக்கப்புக்குப் போகாம விட்டவங்களுக்கு அதே 3.5 வருஷக்கணக்கா ஓடி பேட்டரி சீக்கிரம் காலியாகும். "அவுட்புட் குறைச்சாச்சா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

என் மருதமலைக் கணக்கு

மூணாவது தடவை நான் நோட்டோட போனேன். "படி ஏறும்போது 118 வரைக்கும் போகுது, அப்புறம் சட்டுனு 62, அதாவது கிட்டத்தட்ட சரிபாதி"ன்னு சொன்னதும் அந்தக் கம்பெனிப் பையன் நிமிந்து பாத்தான். "சரிபாதியா?"ன்னு கேட்டுட்டு என் செட்டிங்ல இருந்து ரெண்டு நம்பரைப் பேப்பர்ல எழுதிக் கூட்டுனான்.

விஷயம் இதுதான். மேல் அறை துடிச்சதும் பெட்டி கொஞ்ச நேரம் காத்திருந்து கீழ் அறையைத் தூண்டும், அது ஏவி டிலே, எனக்கு 180 மில்லி செகண்ட். தூண்டுன பிறகு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அறையில என்ன சத்தம் கேட்டாலும் காதைப் பொத்திக்கும், ரிப்போர்ட்ல அதை பிவிஏஆர்பின்னு போட்டிருப்பாங்க, எனக்கு 320. ரெண்டையும் கூட்டுனா 500. ஒரு நிமிஷத்துல 60,000 மில்லி செகண்ட், 500ஆல வகுத்தா 120. என் மேல் அறை 120ஐத் தாண்டுன அந்த நொடியில, அடுத்த துடிப்பு பெட்டி காதைப் பொத்தியிருக்கற நேரத்துல வந்து விழுது, அதனால ரெண்டுக்கு ஒண்ணுதான் கீழ போகுது. மேல 124, கீழ 62. இதயம் ஓடிட்டு இருக்கறப்ப யாரோ பாதி கரண்டைப் பிடுங்குன மாதிரி.

அப்ப காதைப் பொத்தாமலே இருந்தா என்னன்னு கேட்டேன். கீழ் அறையோட துடிப்பு சிலருக்குத் திரும்ப மேல ஏறி வரும், அதைப் புதுத் துடிப்புன்னு நம்பி பெட்டி மறுபடி தூண்டும், அது திரும்ப மேல ஏறும், இப்படியே சுத்திச் சுத்தி வேகமா அடிக்க ஆரம்பிச்சுரும். அதனால கொஞ்சம் பொத்தித்தான் ஆகணும், எவ்ளோங்கறதுதான் கணக்கு. எனக்கு அந்த மாதிரி திரும்ப ஏறலைன்னு டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர்கிட்ட கேட்டு 250க்குக் குறைச்சாங்க, வேகம் ஏற ஏற ஏவி டிலே தானா 100 வரைக்கும் சுருங்கற மாதிரி வச்சாங்க. இப்ப கூட்டுனா 350, அதாவது 171 வரைக்கும் பாதியாகாது. அப்பர் டிராக்கிங்கை 120ல இருந்து 140 ஆக்குனாங்க. இப்ப 140ஐத் தாண்டுனாலும் நடுநடுவுல ஒரு துடிப்பு மட்டும் விடுபடும், சரிபாதியா விழாது.

எல்லாருக்கும் 140 வைக்கச் சொல்லிக் கேக்காதீங்க. ரத்தக்குழாய் அடைப்பு இருக்கறவங்களுக்கு வேகம் ஏறுனா நெஞ்சு வலி வரும், அவங்களுக்கு வேணும்னே கம்மியா வைப்பாங்க.

அத்தையோட பஸ் கதை

என் அத்தைக்கு சிக் சைனஸ், 68 வயசு. வச்ச பிறகும் "மயக்கம் நின்னுருச்சு, ஆனா நாலு எட்டு வச்சா இளைக்குது"ன்னுட்டே இருந்தாங்க. ரிப்போர்ட்ல துடிப்பு எந்தெந்த வேகத்துல எவ்ளோ நேரம் இருந்துச்சுன்னு பட்டை பட்டையா ஒரு படம் வரும். அத்தைக்கு ஒரே ஒரு பட்டைதான், 60ல, பனைமரம் மாதிரி. பொங்கல் வச்சாலும் 60, படுத்தாலும் 60. ஆர் ஆஃப்ல இருந்துச்சு, ஆன் பண்ணுனதும் மார்க்கெட் போய்ட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க.

ஆனா புதுப் புகார் ஒண்ணு. "ஏஞ்சாமி, டவுன் பஸ்ல உக்காந்தா நெஞ்சு அடிச்சுக்குது, நடந்தாக் கூட இப்படி அடிக்கல." பல கம்பெனிப் பெட்டியில இருக்கற சென்சார் அசைவைத்தான் பாக்குது, நம்ம ரோட்டுல பஸ் குலுங்கற குலுக்கலை அத்தை ஓடறதா நெனச்சுக்குது. அதே சென்சார், உடம்பு அசையாம சைக்கிள் மிதிச்சா ஏமாந்து போய் ஏத்தாம விடும். படி ஏறும்போது நிதானமா ஏறுவோம், இறங்கும்போது தொம் தொம்னு இறங்குவோம், அதனால கஷ்டப்பட்டு ஏறும்போது கம்மியாவும் சும்மா இறங்கும்போது அதிகமாவும் ஏத்தும். மூச்சுக் காத்தோட அளவை வச்சுக் கணிக்கற மாடலும் இருக்கு, அதுக்கு இந்தத் தொந்தரவு கம்மி.

சரி பண்றது எப்படின்னா, வராண்டால நடக்க வச்சுப் பாக்கறதுதான். அத்தையை ரெண்டு நடை நடக்க விட்டு எவ்ளோ ஏறுதுன்னு பாத்து, சென்சாரோட உணர்திறனை ஒரு படி குறைச்சு, மேல் எல்லையை 130ல இருந்து 110க்கு இறக்குனாங்க. படுக்க வச்சு மட்டும் பாத்துட்டு அனுப்புனா "கொஞ்சம் நடந்து காட்டறேன், பாருங்க"ன்னு நீங்களே சொல்லுங்க.

சிக் சைனஸ் இருக்கறவங்க இன்னொண்ணும் பாக்கணும், கீழ் அறை தூண்டல் சதவீதம். அவங்களுக்கு லைன் நல்லா இருக்கறதால கீழ் அறையைத் தூண்ட அவசியமே இல்ல, ஏவி டிலே குட்டையா இருந்தா பெட்டி அவசரப்பட்டுத் தூண்டிட்டே இருக்கும். வருஷக்கணக்கா அப்படி அதிகமாப் போனா சிலருக்கு இதயத்தோட பம்ப் வலு குறையுது. அதைக் குறைக்கற செட்டிங் இருக்கு, கேளுங்க. என்னை மாதிரி பிளாக் ஆளுக்கு நூறு சதவீதம்னு வந்தா பதற வேண்டாம், வேற வழி இல்ல, அதுக்குப் பதிலா அப்பப்ப எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து பம்பிங் பாத்துக்கணும்.

ராத்திரில 50க்கு இறங்கற ஸ்லீப் ரேட்டுனு ஒண்ணு சில மாடல்ல உண்டு, கடிகாரப்படி ஓடும். மில்லுல நைட் ஷிப்ட் பாக்கறவங்க அதைச் சொல்லாம விட்டா வேலை நேரத்துல பெட்டி தூங்கப் போயிரும்.

வீட்லயும் வெளியிலயும்

மிக்சி, கிரைண்டர், மைக்ரோவேவ், டிவி, பிரிட்ஜ் எல்லாம் நல்ல நிலையில இருந்தா பயமில்ல, நெஞ்சோட அணைச்சுப் பிடிக்காதீங்க, அவ்ளோதான். இண்டக்ஷன் அடுப்புக்கு மட்டும் ரெண்டடி தள்ளி நிக்கணும், நம்ம சமையல்ல குனிஞ்சு கிளறாம இருக்க முடியாதுன்னா கேஸ் அடுப்பே உத்தமம். நம்ம ஆம்பளைங்களுக்கு போனை இடது சட்டைப் பாக்கெட்ல போடற பழக்கம், பெட்டியும் பெரும்பாலும் அங்கதான் இருக்கும், அதை மாத்துங்க, 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும். போன், இயர்பட்ஸ் டப்பா, பிளிப் கவர் இதுல எல்லாம் இப்ப காந்தம் இருக்கு. காந்தம் பட்டா பெட்டி நின்னுரும்னு நெனைக்கறாங்க, அது தப்பு, பொதுவா உங்க சொந்தத் துடிப்பைக் கவனிக்காம ஒரே வேகத்துல தூண்ட ஆரம்பிக்கும், எடுத்ததும் பழையபடி ஆயிரும்.

கோயில், ஏர்போர்ட் வாசல்ல நிக்கற மெட்டல் டிடெக்டர்ல நிக்காம நடந்து போயிருங்க, கைல வச்சுத் தடவற மிஷினை மட்டும் பெட்டி மேல வைக்க வேண்டாம்னு கார்டைக் காட்டிச் சொல்லுங்க. வெல்டிங் பட்டறை வேலைன்னா டாக்டர்கிட்ட கேக்காம திரும்பப் போகாதீங்க. ஓடற பைக், கார் இன்ஜின் மேல குனிஞ்சு பாக்காதீங்க. முட்டி வலிக்கு கரண்ட் வைக்கற பிசியோதெரபிக்குப் போனா முதல் வார்த்தையே "பேஸ்மேக்கர் இருக்கு"ன்னு இருக்கட்டும், டயதெர்மி கூடவே கூடாது.

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம், சிடி ஸ்கேனும் எடுக்கலாம், சொல்லிட்டு எடுங்க. எம்ஆர்ஐக்கு பெட்டி, ஒயர் ரெண்டுமே எம்ஆர்ஐக்கு ஏத்ததான்னு கார்டுல பாக்கணும், அன்னைக்கு செட்டிங்கை எம்ஆர்ஐ மோடுக்கு மாத்திட்டு முடிஞ்சதும் பழையபடி வைக்கணும். பழைய பிரிண்டைக் கையில வச்சு நம்பர் எல்லாம் திரும்பி வந்துருச்சான்னு ஒத்துப் பாத்துட்டு வெளிய வாங்க. வேற ஆபரேஷன்னா காட்டரி (கரண்ட்ல சுட்டு ரத்தத்தை நிறுத்தற கருவி) வைப்பாங்க, முன்கூட்டியே சொல்லுங்க.

பேட்டரி

பொதுவா எட்டுல இருந்து பன்னெண்டு வருஷம், தூண்டல் எவ்ளோங்கறதைப் பொறுத்தது. திடீர்னு நிக்காது, மாத்தணும்னு பல மாசம் முன்னாடியே பெட்டி காட்டும். அந்தக் கட்டத்துல சில மாடல் பேட்டரியை மிச்சப்படுத்த ஆர், டி எல்லாம் விட்டுட்டு கீழ் அறையை மட்டும் பாக்கற வெறும் விவிஐ மோடுக்கு இறங்கிரும், பல வருஷம் நல்லா இருந்தவருக்கு திடீர்னு இளைப்பு வந்தா இதுவும் ஒரு காரணம். மாத்தும்போது பெட்டியை மட்டும்தான் மாத்துவாங்க, ஒயர் நல்லா இருந்தா அதே ஒயர்.

இதுக்கெல்லாம் கவலைப்படும்போது நான் ஆர்னே லார்சனை நெனச்சுக்குவேன். 1958 அக்டோபர் 8, ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரில உலகத்துலயே முதல்ல உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வச்சுக்கிட்டவர். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சா வச்சு வார்த்த பெட்டி அது, சில மணி நேரம்தான் ஓடுச்சு. ஆனா அவரு மொத்தம் 26 பெட்டி மாத்தி, தனக்கு ஆபரேஷன் பண்ணுன டாக்டரையும் பெட்டி செஞ்ச இன்ஜினியரையும் தாண்டி 2001 வரைக்கும் 86 வயசு வாழ்ந்தாரு.

கடைசியா, யாரும் பேச விரும்பாத ஒண்ணு

"இது இருந்தா உயிர் போகாம இழுத்துக்கிட்டுக் கிடக்குமா?"ன்னு அத்தை ஒரு நாள் மெதுவா கேட்டாங்க. இல்ல. பெட்டி வெறும் தூண்டல்தான் குடுக்குது, பதில் சொல்ல வேண்டியது இதயத் தசை, அது அடங்கிட்டா பெட்டியால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா தகனம் பண்றதுக்கு முன்னாடி பெட்டியை எடுத்தே ஆகணும், தீயோட சூட்டுல பேட்டரி வெடிக்கும், விறகா இருந்தாலும் மின் மயானமா இருந்தாலும். ஆஸ்பத்திரிலயே கேட்டா அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் குடுத்துருவாங்க, வீட்ல நடந்தா டாக்டரைக் கூப்பிடணும். அந்த நேரத்துல யாருக்கும் ஞாபகம் வராது. அதனால அத்தை கார்டோட ஜெராக்ஸையும் என் கார்டோட ஜெராக்ஸையும் ரேஷன் கார்டு வச்சிருக்கற கவர்லயே போட்டு, "இதை முதல்ல எடுத்துப் பாரு"ன்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவன் பேச்சை மாத்திட்டான், ஆனா கவர் எந்த டிராயர்ல இருக்குன்னு கேட்டுக்கிட்டான்.